எல்லா வண்டியும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோமே, அந்தப் பொய் இல்லை. வீட்டுக்குள் நடந்த பொய். சொன்னேன் என்றுகூட இல்லை, பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால் சாமியாத்தாள் என்ற பெண்மணியின்மேல் ஒரு பழி விழுந்திருக்கிறது. அதை எடுக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இது ஐந்தாவது தடவை. முதல் நான்கு தடவையும் கதை நன்றாகத்தான் வந்தது. பழி மட்டும் அங்கேயே இருந்தது.

எழுதுகிற இடம், கொல்லிமலையில் ஒரு சுகாதார நிலையத்தின் மருந்துக் கவுண்டர். நேரம், மதியச் சாப்பாட்டு இடைவேளை. நான் இங்கே மருந்தாளுநர், பெயர் ஜாஸ்மின். ஆத்தூரிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. இதுவரை நான்கு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன, பதினொன்று திரும்பி வந்திருக்கின்றன. (திரும்பி வருவது என்பதெல்லாம் பழைய பேச்சு. இப்போது பதிலே வருவதில்லை.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"இரட்டைச் சூரியன்களின் கீழே, ஆறு சக்கரங்களும் செம்மண்ணில் புதைய நின்றிருந்த அந்த ஊர்தி—"

வேண்டாம். ஊர்தி என்று எந்த வீட்டில் சொல்கிறார்கள்?

இரண்டாவது:

"பிரேம் ஒரு கலைஞன். அவன் விரல்நுனியில்—"

அட, சும்மா இருங்கள். பிரேம் என் வீட்டுக்காரர். ஓர் ஆபீஸில் ஃபைல் பார்க்கிறார். சாயந்திரமும் ஞாயிற்றுக்கிழமையும் வேற்றுக்கிரக வண்டி செய்கிறார். இப்படிச் சொன்னால் முடிந்துவிடுகிற விஷயத்துக்கு நான் நான்கு நாள் செலவழித்தேன்.

3

அது மாடல் வண்டி. பெட்டியில் வரும்போது துண்டு துண்டாக, சாம்பல் நிற பிளாஸ்டிக்காக வரும். ஒட்ட வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும். அதோடு விட்டால் நான் பிழைத்திருப்பேன். அதற்குப் பிறகுதான் பிரேமுக்கு வேலையே ஆரம்பம்: புது வண்டியைப் பழசாக்குவது. வெதரிங் என்பார். முதலில் முழுக்கத் துரு நிறம். அதன்மேல் தலைக்கு அடிக்கிற ஹேர் ஸ்பிரே. அதன்மேல் மஞ்சள் பெயிண்ட். காய்ந்ததும் ஈரப் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால் நடுவில் இருக்கிற ஸ்பிரே இளகும், மஞ்சள் அங்கங்கே உரியும், அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கும். பிறகு எண்ணெய்க் கறை, புகைக் கரி. கடைசியாக மண். சோளக்காடு என்கிற ஊருக்குப் போகிற ரோட்டோரத்துச் செம்மண்ணை என் டீ வடிகட்டியில்* சலித்து, சக்கரத்திலும் வயிற்றிலும் தூவுவார்.

(* அந்த வடிகட்டி போனது போனதுதான். கேட்டால், "மண்ணு சுத்தமான மண்ணுதான்" என்பார்.)

முழங்கை நீள வண்டிக்கு ஏழு மாதம். நவம்பரில் பெங்களூரில் ஒரு கண்காட்சி, அதற்காக. ஏழு மாதமும் அவர் முதுகைப் பார்த்துத்தான் பேசினேன்.

செப்டம்பரில் ஒரு நாள் டீ கொடுக்கப் போனபோது கவனித்தேன். இடது கதவில் கைப்பிடிக்குக் கீழே மட்டும் மஞ்சள் நன்றாகத் தேய்ந்திருந்தது.

"இங்க மட்டும் ஏன் இப்படி?"

"ஓட்டுறவ இடது கைக்காரி. கதவு கொஞ்சம் ஒட்டிக்கும். பதினாறு வருஷமா உள்ளங்கையால ஒரு தள்ளு தள்ளித்தான் ஏறுறா."

"பேரு?"

"பேரெல்லாம் எதுக்கு? அதான் கை தெரியுதே."

எனக்குச் சுருக்கென்றது. அரை அங்குலத் தேய்மானத்தில் ஒரு பொம்பளையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் மனுஷன். நான் பதினைந்து பக்கம் எழுதியும் என் கதாநாயகிக்குக் கையும் வரவில்லை, காலும் வரவில்லை. அந்த வாரம்தான் பதினொன்றாவது கதைக்கும் பதில் வராது என்று உறுதியாகியிருந்தது. (நான் வலது கைக்காரி. அதையும் நினைத்துக்கொண்டேன்.)

என் கதைகளில் ஒன்றைக்கூட பிரேம் படித்ததில்லை. "இந்தக் கோட்டு பெயிண்ட் காயட்டும், படிக்கிறேன்" என்பார்.

4

ஆயுத பூஜை. எங்கள் வீட்டுக்காரம்மா சாமியாத்தாள்தான். அவர் வீட்டை ஒட்டின வீட்டில்தான் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். ஐம்பது வயது இருக்கும். தோட்டத்தில் மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் சின்னுசாமி ஜீப் ஓட்டுகிறார். சாமியாத்தாள் என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், எங்களுக்கு ஆயுத பூஜை கிடையாது என்று வந்த வருடமே சொல்லிப் பார்த்தேன்.

"உங்குளுக்கு இல்லாட்டிப் போவுது கண்ணு. வண்டிக்கு வேணுமில்ல?" என்றார். அதிலிருந்து வருடா வருடம் எங்கள் பைக்குக்கும் குளியல். மிக்ஸிக்கு, அடுப்புக்கு, பிரேமின் பெயிண்ட் மெஷினுக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு.

அன்றைக்கு பிரேம் காலையிலேயே ஆபீஸ் நண்பரோடு நாமக்கல் போயிருந்தார், வார்னிஷ் வாங்க. அதை அடித்துவிட்டால் வண்டி முடிந்தது. கிளம்பும்போது சொன்னார்: "வார்னிஷ் அடிக்கிற வரைக்கும் அதுமேல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது."

மத்தியானம் திரும்பி வந்தவர் உள்ளே போய், அப்படியே வெளியே வந்தார். மேஜைமேல் வண்டி, இடுக்குகளில் ஈரம் காயாமல் நின்றிருந்தது. மண் இல்லை, கரி இல்லை. மஞ்சள் பாதிக்கு மேல் வழன்றுபோய், மூக்கில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"வண்டிய யாரு கழுவுனது?"

சாமியாத்தாள் வாசலில் பொரி பங்கிட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நாந்தானுங்க சார்! எல்லா வண்டியும் கழுவிப் பொட்டு வெச்சாச்சுங்க!"

அவர் சொன்னது எங்கள் பைக்கையும் சின்னுசாமியின் ஜீப்பையும். ஆனால் எல்லா வண்டியும் என்று வாயில் வந்துவிட்டது. பிரேம் கத்தவில்லை. "பரவால்லைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏழு மாதத்துக்கு ஒரு பரவால்லைங்க.

கொஞ்ச நேரத்தில் விஷயம் புரிந்து சாமியாத்தாள் பதறிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க சார், அந்தச் சின்ன வண்டிய நான் கழுவுலீங்க. நான் வாரப்பவே அது சுத்தமாத்தான் இருந்துச்சு. பொட்டு மட்டுந்தானுங்க வெச்சேன்."

"விடுங்கக்கா. தெரியாம செஞ்சதுதானே" என்றார் பிரேம். என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன செய்வது இவர்களை என்கிற பார்வை. நான் தலையை ஆட்டினேன்.

4, மறுபடியும்

நான்கு தடவையும் இந்த இடத்தில்தான் முடித்திருந்தேன். மலைக்காரப் பெண்ணின் வெள்ளந்தியான அன்பு, நாகரிக மனிதனின் ஏழு மாத உழைப்பு, இரண்டும் மோதிக்கொண்டன, யார் மேலும் தப்பில்லை. வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியது. நான்கு தடவையும் எழுதி முடித்ததும் சாமியாத்தாள் என்ற பாத்திரத்தின்மேல் ஒரு சந்தேகம் வந்தது. இவர் ஏன் வண்டியைக் கழுவினார்? பைக்கை வாசலில் வைத்துக் கழுவியவர், மேஜைமேல் இருந்ததை எடுத்து உள்ளே—

சரி. போதும்.

சாமியாத்தாள் கழுவவில்லை. நான் கழுவினேன். ஒன்பது மணிக்கு, சமையலறைக் குழாயடியில், பாத்திரம் தேய்க்கிற சோப்பும் நாரும் வைத்து. தண்ணீர் படக்கூடாது என்று தெரிந்து கழுவினேன். முதலில் அந்த இடது கதவைத்தான் தேய்த்தேன். வெந்த உருளைக்கிழங்குத் தோல்போல மஞ்சள் வழுக்கிக்கொண்டு வந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். பொறாமை. நாசூக்கான வேறு வார்த்தை ஏதாவது கிடைக்குமா என்று இத்தனை நாள் தேடினேன், கிடைக்கவில்லை. என் கதையைப் படிக்க நேரமில்லாத மனுஷன், என்னைவிட நல்ல கதையை ஒரு பிளாஸ்டிக் கதவில் எழுதிவிட்டாரே என்கிற வயிற்றெரிச்சல். கழுவி முடித்ததும் நிம்மதியாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. அரை மணி நேரம் இருந்திருக்கும். அதற்குள் சாமியாத்தாள் சந்தனத் தட்டோடு வந்துவிட்டார். தடுக்காமல் நின்றேன்.

5

மறுநாள் பிரேம் சோளக்காட்டுக் கடையிலிருந்து ஒரு பூட்டு வாங்கி வந்தார். எங்கள் வரிசையில் ஐந்து வீடு. பகலில் பூட்டு தொங்குகிற வீடு எங்களுடையது மட்டும்தான். சாமியாத்தாள் அதைப் பார்த்தார். அன்றிலிருந்து நான் கண்ணு இல்லை, மேடம்.

கண்காட்சி போன வாரம் முடிந்தது. வண்டி ஒரு துணிப்பையில் பரண்மேல் கிடக்கிறது. பிரேம் பிரஷ்ஷைத் தொடுவதில்லை. சாயந்திரமெல்லாம் சும்மா உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். இப்போது என் கதையைப் படிக்க அவருக்கு எக்கச்சக்கமாக நேரம் இருக்கிறது. படிக்கவில்லை. எடுத்துக் கொடுக்க எனக்கும் மனசில்லை.

6

முடிவுகள்.

முதல் முடிவு: சொல்லிவிடுகிறேன். பிரேம் மன்னிக்கிறார். மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து பொரி தின்கிறோம். (நடக்காது. அவர் மன்னிக்கலாம், பொரி தின்ன மாட்டார்.)

இரண்டாவது முடிவு: பிரேம் வண்டியைப் பரணிலிருந்து இறக்குகிறார். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி என்று அதற்கு ஒரு புதுக் கதை வைத்து, மறுபடியும் வேலையை ஆரம்பிக்கிறார். (இது என் ஆசை. என்னைத் தப்பிக்க விடுகிற முடிவு.)

மூன்றாவது முடிவு: சாமியாத்தாளே ஒரு நாள் வந்து—

இந்த வரியில் இருக்கும்போது சாமியாத்தாளே வந்தார். கதையில் இல்லை, கவுண்டருக்கு. நோட்டை மூடிவைத்தேன்.

"யாருக்குக்கா உடம்பு சரியில்ல?"

"எனக்குத்தானுங்க மேடம்." பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். "மறதிக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்குதுங்களா?"

"எதை மறந்தீங்க?"

"அந்தச் சின்ன வண்டிங்க. கழுவுலைன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். சாரு நல்ல மனுசரு, இல்லாததச் சொல்ல மாட்டாரு. நீங்களும் பக்கத்துலயே இருந்தீங்க, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுல. அப்ப நாந்தானுங்களே கழுவியிருக்கோணும்? எனக்கு நெனப்பே வல்லீங்க. எங்கம்மாளுக்கும் இப்பிடித்தானுங்க ஆரமிச்சுது. கடசீல என்னையவே நீ யாருன்னு கேட்டுச்சு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "பயமா இருக்குதுங்க மேடம்."

சொல்லியிருக்கலாம். நான்கே வார்த்தை: நீங்க கழுவலைக்கா, நான் கழுவினேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவர் ஒருவர்தான் நின்றிருந்தார்.

சத்து மாத்திரையில் பத்து வெட்டி எடுத்துக் கவரில் போட்டேன். அவருக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. அதனால் ராத்திரிக்கு ஒன்று என்பதற்கு ஒரு நிலா வரைந்து, பக்கத்தில் ஒரு கோடு போட்டேன்.

"இதச் சாப்பிட்டா நெனப்பு வந்துருங்களா?"

"வந்துடும்க்கா."

கும்பிட்டுவிட்டுப் போனார்.

7

அது நடந்து மூன்று நாள் ஆகிறது. மூன்று மாத்திரை தீர்ந்திருக்கும். பத்தும் தீர்ந்த பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதை எழுதத்தான் கை வரவில்லை. அவர் சிரித்த முகமாக வந்து, "நெனப்பு வந்துருச்சுங்க மேடம், நாந்தானுங்க கழுவுனேன்" என்று சொல்லப்போகிறார். குழாயடி, சோப்பு, நார் எல்லாமே ஞாபகம் வந்துவிட்டதாகச் சொல்வார்.

பிரேம் கதை படிக்க மாட்டார். சாமியாத்தாளால் படிக்க முடியாது. தெரிந்த ஆள் இப்போது நீங்கள் ஒருவர்தான். நாமக்கல்லிலிருந்தோ சேலத்திலிருந்தோ பஸ் இருக்கிறது. சோளக்காட்டில் இறங்கி, ஜீப் ஓட்டுகிற சின்னுசாமி வீடு என்று கேளுங்கள், காட்டுவார்கள். அவர் வீட்டம்மா வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருப்பார். போய்ச் சொல்லிவிடுங்கள், உங்களுக்கு மறதி இல்லைக்கா என்று. ஏழு மாத்திரைதான் இருக்கிறது.