அமலோற்பவத்துக்கு வாசித்த ஓலை

ராயபுரம் நங்கூர மாதா கோயிலில் 1998-ஆம் ஆண்டு கல்யாணமான ஜோடிகளில் ஒரு ஜோடி, வியாகுலம்மாள் எழுதிய நாவலிலிருந்து வந்தது. பெண் அமலோற்பவம் முதல் அத்தியாயத்திலிருந்தும், மாப்பிள்ளை மேத்யூ ஐந்தாம் அத்தியாயத்திலிருந்தும் வந்தார்கள். மற்ற ஜோடிகள் காசிமேடு, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை என்று வழக்கமான இடங்களிலிருந்து வந்தவர்கள். அந்த வருஷம் வஞ்சிரம் நல்ல வரத்து. ஐப்பசி மழையும் காலத்தில் வந்தது. வேறு குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை.

வியாகுலம்மாள் பீச் ஸ்டேஷன் எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். புருஷன் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர், சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு கிளிப்பச்சையில் புடவை கட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பியவள் அவள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். பகலில் கப்பல் சரக்கு விவரம் அடிப்பாள், சாயந்திரம் அதே விரல்களால் கிறிஸ்தவக் காதல் நாவல் அடிப்பாள். கிறிஸ்தவக் காதல் நாவல் என்றால் பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் படித்துவிடுகிற கையடக்கப் புத்தகம். அட்டையில் ஒரு பெண், ஒரு ஆண், நடுவில் ஒரு கோயில் கோபுரம். கடைசிப் பக்கம் வரை இருவரும் அந்தக் கோபுரத்தைத் தாண்டக் கூடாது. அச்சடிப்பவர் அருள்பிரகாசம். மாதாமாதம் 'தூய நேசம்' என்று ரோஸ் காகிதத்தில் ஒரு செய்தித்தாளும் போட்டு, ஞாயிறு பூசை விட்டதும் கோயில் வாசலில் கொடுப்பார். எந்த நாவல் வந்துவிட்டது, எது அடுத்த மாதம் வரும், தூத்துக்குடி எழுத்தாளர் தன் கதாநாயகனுக்கு எப்போது ஞானஸ்நானம் கொடுக்கப்போகிறார், தவக்காலச் சிறப்பிதழ் ஏன் தாமதம் என்றெல்லாம் அதில் இருக்கும். சாமியாரின் பிரசங்கத்தை மறந்தவர்கள்கூட அந்தச் செய்திகளை வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டு போவார்கள்.

அந்த நாவல்களில் கன்னிப்பெண்ணுக்குக் கல்யாணம் உண்டு. விதவைக்கு இரண்டே வழிதான்: ஒன்று கன்னியர் மடம், இல்லாவிட்டால் காசநோய். யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் தூத்துக்குடி முதல் ராயபுரம் வரை அப்படித்தான் எழுதினார்கள். கிளிப்பச்சைப் புடவை கட்டிய வியாகுலம்மாளே தன் கையால் நாலு விதவைகளை இருமவைத்துக் கொன்றிருக்கிறாள். வாசகிகள் அழுதுகொண்டே அடுத்த நாவலைக் கேட்டார்கள் என்பதால் அது தப்பு என்று அவளுக்கு உறைக்கவில்லை. உறைக்க வைத்தவள் ஃபாத்திமா.

ஃபாத்திமா, கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவையின் தலைவர் ஸ்டானிஸ்லாசின் ஒரே மகள். கல்யாணமான அடுத்த வருஷமே அவள் புருஷன் மீன்பிடிக்கப் போன லாஞ்ச் கடலிலிருந்து திரும்பவில்லை. ஸ்டானிஸ்லாசுக்குச் சொந்தமாகவே இரண்டு லாஞ்ச், கோயிலில் சொன்ன பேச்சுக்கு மறுபேச்சில்லாத மரியாதை. மகளை வீட்டுக்குக் கூட்டிவந்து, அரை டஜன் வெள்ளைப் புடவையும் கோயிலில் முதல் வரிசை இடமும் கொடுத்தார். அன்பில்லாதவர் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு புது நாவலையும் அவரே வாங்கிவருவார். கடைசிப் பக்கத்தைத் தான் முதலில் படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் மகள் கையில் கொடுப்பார். அந்த ஃபாத்திமா ஒரு நாள் வியாகுலம்மாள் வீட்டுக்கு வந்து, உட்காராமலே கேட்டாள்: "எல்லா புக்குலயும் எங்கள சாவடிச்சிகினே கீறீங்களேக்கா. ஒருத்தியயாவது உசுரோட வுடக்கூடாதா?" கேட்டுவிட்டுப் போய்விட்டாள். வியாகுலம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கே புதுத் தாளைச் சொருகி, 'காசிமேட்டு அமலோற்பவம்' என்று தலைப்பு அடித்தாள். அமலோற்பவம் விதவை. எண்ணூர் அனல் மின் நிலையத்து ஃபிட்டர் மேத்யூவைக் காதலிக்கிறாள். இருமல் வரவில்லை, மடத்துக்கும் போகவில்லை. கடைசி அத்தியாயத்தில் கல்யாணம்.

நங்கூர மாதா கோயிலில் திருப்பலி முடிவில் உபதேசியார் செல்வம் அறிவிப்பு வாசிப்பார். முதலில் கல்யாண ஓலை, பிறகு பூசைக் கருத்துகள், பிறகு காணாமல் போன சாவிக்கொத்து, கடைசியில் 'தூய நேசம்' தருகிற புது வெளியீட்டுச் செய்தி. திருவிழா நோட்டீசை அருள்பிரகாசம் சும்மா அடித்துத் தருவதால் அந்தச் சலுகை. ஓலை என்பது கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயரைச் சபையில் படித்து, யாருக்காவது தடை தெரியுமா என்று கேட்பது. செல்வம் அந்த வேலையைச் செய்து தலை நரைத்தவர். அந்த ஞாயிறு புது வெளியீட்டுச் செய்தியை எடுத்து, "காசிமேடு காலஞ்சென்ற சவரிமுத்துவின் மனைவி அமலோற்பவம், எண்ணூர் மேத்யூ" என்று ஆரம்பித்தார். 'இருவரையும் ஆண்டவர் இணைப்பாரா? விடை புதிய நாவலில்' என்றுதான் மேற்கொண்டு இருந்தது. ஆணும் பெண்ணும் ஊர்ப்பெயரோடு சேர்ந்து வந்ததும் வாய் பழகிய வழியில் போய்விட்டது. "ஆகிய இருவரும் திருமணம் செய்ய விரும்புகிறார்கள். இது முதலாம் ஓலை. தடை அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்" என்று முடித்துவிட்டார்.

கோயில் முழுக்கச் சிரித்தது. ஆனால் செல்வம் சிரிக்கவில்லை. பூசை விட்டதும் சாமியாரிடம் போய், தப்பு தன்னுடையதுதான், ஆனாலும் ஓலை ஓலைதான் என்றார். முதல் ஓலை வாசித்துவிட்டு இரண்டாவதை நிறுத்தினால் அந்தத் தெருக்களில் பெண்ணின் பெயர் கெட்டுப்போகும். என்ன குறை கண்டார்களோ என்று ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். ஓலை நின்றுபோன பெண்களுக்கு அதற்குப் பிறகு ராயபுரத்தில் மாப்பிள்ளை கிடைத்ததில்லை. நிறுத்துவதானால் பெண் வீட்டார் வாயால் சொல்லட்டும் என்றார். பெண்ணுக்கு வீட்டார் யார் என்று யோசித்து, சாமியார் வியாகுலம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் நின்றுகொண்டே கேட்டாள், நின்றுகொண்டே பதில் சொன்னாள். "ஓலை நின்ன பொண்ணுன்னு எம் பொண்ணுக்குப் பேரு வரக் கூடாது சாமி. படிங்க."

இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். மறுநாள் காலை அருள்பிரகாசம் மூச்சிரைக்க ஓடிவந்தார். அச்சகத்தில் கட்டி வைத்த பிரதிகளில் அமலோற்பவம் இருந்த இடமெல்லாம் வெறும் வெள்ளை. தண்ணீர் எடுக்கிற காட்சியில் குடம் மட்டும் இருந்தது. "கதாநாயகி எங்கதாம்மா போய்ட்டா?" என்று தலையில் கை வைத்தார். கல்யாணப் பெண்ணுக்கு ஆயிரம் வேலை இருக்கும், புடவை எடுக்கப் போயிருப்பாள் என்றாள் வியாகுலம்மாள். அருள்பிரகாசத்துக்குப் பின்னாலேயே ஸ்டானிஸ்லாஸ் வந்தார். வந்தவர் சத்தம் போடவில்லை. கடைசி அத்தியாயத்தை மாற்றி, அமலோற்பவத்தை மடத்துக்கு அனுப்பிவிட்டால் ஓலை தானாகச் செல்லாமல் போகும், பெண்ணுக்கும் கெட்ட பெயர் இல்லை, கடவுள் அழைத்தார் என்று ஆகிவிடும் என்றார். இல்லாவிட்டால் இனிமேல் கோயில் வாசலில் 'தூய நேசம்' கிடையாது, திருவிழாவில் கடை கிடையாது, செல்வத்துக்கு உபதேசியார் வேலையும் கிடையாது. மடத்துப் பக்கத்தை ஸ்டானிஸ்லாஸ் சொன்னபடி அருள்பிரகாசம் ஏற்கெனவே எழுத்துக் கோத்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். வியாகுலம்மாள் படித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. தானே எழுதியது போலிருந்தது.

செல்வத்தின் பிழைப்பில் மண் விழுமே என்று அவள் பயந்தது நிஜம். ஆனால் அந்தப் பக்கத்தை ஒப்புக்கொண்டால் முதல் வரிசையில் வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்திருக்கிறவளை இன்னொரு தடவை கொன்றதாக ஆகும். பக்கத்தை நாலாக மடித்து ஸ்டானிஸ்லாஸ் கையிலேயே கொடுத்தாள். "அண்ணே, நாலு பேர சாவடிச்சிட்டேன். போதும். இவ வாழட்டும். உங்களால ஆனத நீங்க பாருங்க." பெரிய மனுஷனிடம் பேசுகிற பேச்சா இது என்று அருள்பிரகாசம் பதறினார். வியாகுலம்மாள் கதவைச் சாத்தாமலே மிஷின் முன் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் ஞாயிறு அத்திப்பட்டிலிருந்தும் முகத்துவாரக்குப்பத்திலிருந்தும்கூட ஆள் வந்திருந்தது. செல்வம் மூன்றாம் ஓலையை வாசித்து முடிக்குமுன் ஸ்டானிஸ்லாஸ் எழுந்து நின்றார். தனக்குத் தடை தெரியும் என்றார். என்ன தடை என்று சாமியார் கேட்டார். பெண் விதவை என்றார். அது திருச்சபையில் தடை இல்லையே என்றார் சாமியார். உறவு முறை தப்பா, ஏற்கெனவே கட்டிய பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாளா, கட்டாயக் கல்யாணமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டானிஸ்லாசுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா சாமி வெளாடுறீங்களா? இது வெறும் கதை சாமி, கதை!" என்று கத்தினார். அப்போது பெண்கள் பக்கம் முதல் வரிசையிலிருந்து ஃபாத்திமா எழுந்தாள். அவள் குரலை அந்தக் கோயில் அதற்கு முன் கேட்டதில்லை.

"சொம்மா கதைதான்னா, உனுக்கு இன்னாத்துக்கு நைனா இம்மாம் பயம்?"

ஸ்டானிஸ்லாஸ் உட்கார்ந்தார். மூன்றாம் ஓலை வாசித்தாகிவிட்டது என்று செல்வம் அறிவித்தார்.

புதன்கிழமை காலை இருவரும் வந்தார்கள். அமலோற்பவம் காசிமேட்டிலிருந்து நடந்தே வந்தாள். மேத்யூ எண்ணூர் வண்டியில் வந்து ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கினார். இரண்டு பேர் மேலும் அச்சு மை வாசனை அடித்தது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஞானஸ்நானச் சான்று கேட்டபோது, நாவலில் ஞானஸ்நானக் காட்சி வருகிற பக்கத்தை நீட்டினார்கள். சாமியார் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, தேதி சரியாக இருக்கிறது என்றார். வியாகுலம்மாள் பெண்ணைக் கைபிடித்துப் பீடத்துக்கு அழைத்துப் போனாள். அடக்க முடியாமல் அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்று எழுதி வைப்பதில் தவறில்லை. அடுத்த மாதத் 'தூய நேசம்' இதழில், 'காசிமேட்டு அமலோற்பவம்' நாவலில் சில இடங்கள் காலியாக இருப்பதற்கு வருந்துகிறோம், கதாநாயகியும் கதாநாயகனும் தற்சமயம் கல்மண்டபம் பக்கம் குடியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பேரவை கோயில் வாசலில் விடாததால் அந்த இதழை ஜனங்கள் அச்சகத்துக்கே போய் வாங்கிக்கொண்டார்கள். செல்வத்தின் வேலையில் யாரும் கை வைக்கவில்லை. வைத்தால் ஓலை வாசிக்க வேறு ஆளில்லை.

மேத்யூவுக்கு ஒரே ஒரு சிரமம் இருந்தது. வியாகுலம்மாள் உரையாடலெல்லாம் சுத்தத் தமிழில் எழுதுகிறவள் என்பதால் அவருக்கு வேறு தமிழ் தெரியாது. காசிமேடு மீன் ஏலத்தில் நின்று, "அம்மையே, இந்தச் சங்கராவின் விலை யாது?" என்று கேட்டபோது மீன்காரி கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஆனால் கைவேலை வியாகுலம்மாள் எழுதிய மாதிரியே பழுதில்லாதது. அவர் தொட்ட எந்த இன்ஜினும் மறுபடி நின்றதில்லை. ஸ்டானிஸ்லாசின் லாஞ்ச் கடலுக்குப் போகாமல் கரையிலேயே கிடந்தபோது, வேறு வழியில்லாமல் அவரைத்தான் கூப்பிட வேண்டியதாயிற்று. மேத்யூ வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "ஐயா, தங்கள் புதல்வி ஏன் சிரிப்பதே இல்லை? தாங்கள் அனுமதிப்பதில்லையா?" என்று கேட்டார். நாவலில் வருகிறவர்களுக்கு மனதில் உள்ளதை மென்று விழுங்கத் தெரியாது. ராயபுரத்தில் எல்லோருக்கும் தோன்றி யாரும் கேட்காத கேள்வி அது. ஸ்டானிஸ்லாஸ் கூலியை எண்ணிக் கொடுத்தார். அன்றிலிருந்து நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற வழக்கத்தை விட்டார்.

வருஷங்கள் போயின. சுனாமிக்கு முன்பே, மேத்யூ "இன்னாபா", "அத்த எட்றா" என்று பேசப் பழகிவிட்டார். அமலோற்பவத்துக்கு வயசு மட்டும் இருபத்தாறிலேயே நின்றது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அதில் கொஞ்சம் பொறாமை. வியாகுலம்மாளின் நாவல்களில் விதவைகள் வரிசையாக வாழ்ந்தார்கள், ஒருத்திகூட இருமவில்லை. 2002-இல் ஒரு சாயந்திரம் ஃபாத்திமா மறுபடி வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள். உனக்காக ஒரு மாப்பிள்ளையைக் கதையில் எழுதட்டுமா என்று வியாகுலம்மாள் ஆசையாகக் கேட்டாள். "வாணாங்கா. புக்குல இருந்துலாம் ஆளு வாணாம். லாஞ்ச்ல வயர்லெஸ் செட் ரிப்பேர் பாக்குற பெனடிக்ட் வெளியவே கீறாரு, நானே கேட்டுட்டேன். ஓலைக்கும் பேரு குடுத்தாச்சு, நீங்க வந்து என் பக்கத்துல குந்துங்க, அது போதும்" என்றாள்.

முதல் ஓலை அன்று ஸ்டானிஸ்லாஸ் கோயிலுக்கு வரவில்லை. இரண்டாம் ஓலைக்கு வந்து வெளியே கொடிமரத்தடியில் நின்றார். மூன்றாம் ஓலை அன்று தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தார். செல்வத்துக்கு வயசாகிக் குரல் கம்மியிருந்தது. "ராயபுரம் ஸ்டானிஸ்லாசின் மகள், விதவை ஃபாத்திமா" என்று அவர் ஆரம்பித்ததும் ஸ்டானிஸ்லாஸ் எழுந்து நின்றார். கோயிலில் விசிறிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. வியாகுலம்மாள் ஃபாத்திமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாமியார், தடை ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"பின்னால யாருக்கும் காதுல வுழல சாமி," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "எம் பொண்ணு பேர இன்னும் கொஞ்சம் சத்தமா படிக்கச் சொல்லுங்க."

செல்வம் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து படித்தார்.