தங்கராசா மண்ணுக்குள் போன வருடங்கள்

"இந்த முறை நீங்கள் மண்ணுக்குள்ள போக ஏலாது, இப்பவே சொல்லிப்போட்டன்..."

"அறுபது சென்ரிமீற்றர் வெட்டினால் காணும் புஸ்பம், உறைபனி அதுக்குக் கீழ இறங்காது..."

"நான் என்ன கதைக்கிறன், நீங்கள் என்ன கதைக்கிறியள்? தை பதினாலு பிள்ளைக்குக் கலியாணம்!"

"வைகாசியில வையுங்கோவன். வைகாசியெண்டால் நான் எழும்பியிருப்பன்."

"இந்தத் தையை விட்டால் ரெண்டு வருஷத்துக்கு அவளுக்கு நாள் இல்லையெண்டு சாத்திரியார் சொன்னது உங்கட காதிலயும்தானே விழுந்தது? தகப்பன் மண்ணுக்குள்ள படுத்திருக்க, நான் ஆரோட போய் மணவறையில இருக்கிறது?"

2006ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஜெர்மனியில் வுப்பர்டால் நகரின் மேட்டுத் தோட்டங்களில் ஒன்றில் நடந்த இந்தச் சண்டையைப் பக்கத்துத் தோட்டத்து ஹெல்கா வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் சண்டை எதைப் பற்றியது என்று தெரியும். தங்கராசா குளிர்காலத்தை மண்ணுக்குள் கழிக்கத் தொடங்கி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. கார்த்திகையில் ஆமையோடு இறங்குவார். பங்குனிக் கடைசியில், ஆமை ஏறி இரண்டு நாள் கழித்து, தானும் ஏறுவார்.

ஆமை வந்தது 2001இல். மகள் சிவப்பிரியாவின் வகுப்புத் தோழி ஒருத்தி வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போனது. கிரேக்கத் தரை ஆமை, பெண். அடிவயிற்றைப் படம் பிடித்து ஒட்டிய பத்திரம் ஒன்றும் கூடவே வந்தது. தங்கராசா அந்தப் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு விசா தரப் பதினொரு வருஷம் இழுத்தடிச்சவங்கள், இதுக்குப் படத்தோட குடுத்திருக்கிறாங்கள்" என்றார். ஆமையை வீட்டுக்குள் எடுப்பது கூடாது என்பதில் மனைவி புஸ்பவதி ஒரே பிடியாக நின்றாள். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து பட்டது காணும், இனி இதையும் கூப்பிட்டு வைத்துப் படவேண்டுமா என்று கேட்டாள். மூன்றாம் மாடி வீட்டின் வாசலைக்கூட அந்தப் பெட்டி தாண்டவில்லை. அன்றிரவு அது கீழே சைக்கிள் அறையில் இருந்தது. அடுத்த மாதம் மேட்டில் ஒரு தோட்டத்துண்டை எடுத்தார்கள். ஊரில் மண்தரையில் இருந்து சீமெந்துத் தரைக்கு மாற எத்தனை பாடு என்று தங்கராசாவுக்குத் தெரியும். இதுவாவது நன்றாக இருக்கட்டும் என்று ஆமைக்கு ஒரு வீடு கட்டி, நிலத்துக்குச் சீமெந்து பூசி, மட்டம் பார்த்து மினுக்கியும் விட்டார்.

ஆமை மூன்று கிழமையாக அந்த வீட்டின் மூலையில் நின்று சுரண்டியது. முன்னங்கால் நகங்கள் தேய்ந்து இரத்தம் கசிந்தது. ஹெல்கா வேலியால் எட்டிப் பார்த்து, "ஐயோ மனிதா, நீர் அதற்கு வீடா கட்டினீர், சிறையா?" என்று ஜெர்மனில் கேட்டாள். அவள் வீட்டில் முப்பது வருடமாக ஆமை உண்டு. அன்று பின்னேரமே தங்கராசா சுத்தியலால் சீமெந்தை உடைத்தார். தோட்ட மண்ணோடு மணல் கலந்து இரண்டடிக்கு நிரப்பினார். மேலே கண்ணாடித் தகட்டுக் கூரை, ஒரு மூலையில் சூடு விளக்கு, தெற்குப் பக்கம் சரிவு, வேலிக்கு அடியில் ஒரு முழத்துக்குக் கல். பிறகு ஒரு கொப்பி வாங்கி, ஆமை தோண்டுவதை எழுதத் தொடங்கினார். வெயிலுக்குத் தோண்டினால் ஓடு மறையும் அளவுக்குத்தான் தோண்டும். பயத்தில் தோண்டினால் பின்பக்கமாகப் போகும். முட்டைக்கென்றால் பின்னங்காலால் தோண்டும், மண் இறுக்கமென்றால் தன் நீரைவிட்டு நனைத்துக்கொள்ளும். வேலியோரம் தோண்டுவது அப்பால் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க. இலையுதிர்காலத்தில் தோண்டுவது மட்டும் வேறு விதம். அது மெதுவாகத் தோண்டும், திரும்பிப் பார்க்காது.

2003 சித்திரையில் அவர் பதினேழு வருடம் வேலை செய்த கருவித் தொழிற்சாலை கிழக்கு ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. ஐம்பத்தொரு வயதுக்காரரை வேறு எவரும் எடுக்கவில்லை. வேலைக் கந்தோர் நேரில் வரச் சொல்லி டெர்மின் மேல் டெர்மினாக நாள் வைத்தது. எல்லாவற்றுக்கும் அதே கறுத்தக் காற்சட்டையோடு போய், அதே கதிரையில் இருந்துவிட்டு வந்தார். அந்தக் கார்த்திகையில் ஒரு காலை, ஆமை இறங்கிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அவர் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் மண்ணை வாரினார். மண் அவருக்கு விலகிக் கொடுத்தது என்று ஹெல்கா சொன்னாள். மத்தியானம் தோள் மறைந்தது. பின்னேரம் புஸ்பவதி சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தபோது, பீச் மரச் சருகால் மூடிய இரண்டு மேடுகள் இருந்தன, ஒன்று சிறிது, ஒன்று பெரிது. அவள் கத்திக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். ஹெல்கா கையைப் பிடித்தாள். நடுவில் எழுப்பினால் சேர்த்துவைத்த பலம் எல்லாம் ஒரே நாளில் எரிந்துபோகும், பங்குனி வரை விடு என்றாள்.

பங்குனி வரை விட்டார்கள். அவர் எட்டுக் கிலோ குறைந்து, நகம் நீண்டு, கண்ணைக் கூசிக்கொண்டு எழும்பி, ஒரு பிளேன்ரீ கேட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவர்களிடம், "ஒண்டுமில்லை, அதுதான் நல்லது" என்றார். தோட்டச் சங்கம் இதற்காக ஒரு கூட்டம் போட்டது. தோட்டக் குடிலில் இரவு தங்கக்கூடாது என்று விதி இருந்தது. குடிலுக்கு வெளியே, பாத்திக்கு அடியில் தங்குவது பற்றி விதி எதுவும் இல்லை. கூட்டம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அடுத்த வருடம் சங்கத்துக் காரியதரிசி தானே இரண்டு மூட்டைச் சருகு கொண்டுவந்து கொடுத்தான்.

புஸ்பவதி மட்டும் பழகவில்லை. ஐந்து மாதம் தனியே சமைத்து, தனியே சாப்பிட்டு, ஜன்னலுக்குக் கீழே தொங்கு ரயில் போவதை எண்ணிக்கொண்டிருந்தாள். கோயிலில் பெண்கள் கேட்டால், அவர் வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்பாள். இப்போது ஹனோவரில் இருந்து கஜரூபன் வீட்டார் சிவப்பிரியாவைப் பெண் கேட்டு வந்து, நாளும் வைத்தாகிவிட்டது. தங்கராசாவின் சித்தப்பா மகன் ஸ்ரீஸ்கந்தராஜா, தானும் மனைவி அம்பிகாவும் தாய் தகப்பன் இடத்தில் இருந்து தாரை வார்த்துக் கொடுக்கலாம், அது முறைதான், ஐயரிடமும் கேட்டாகிவிட்டது என்றார்.

"உயிரோட இருக்கிற மனிசனைச் செத்தவனாக்கச் சொல்லுறியளோ அண்ணை?" என்று புஸ்பவதி கேட்டாள். "அவர் இல்லாமல் நான் சபையில ஒதுங்கி நிண்டால், பாக்கிற சனம் என்னை என்னெண்டு நினைக்கும்?"

தோட்டத்துச் சண்டையின் முடிவில், இந்த முறை மேலேயே இருக்கிறேன் என்று தங்கராசா வாக்குக் கொடுத்தார். கொடுத்த நாளில் இருந்து முயன்றும் பார்த்தார். ஆனால் ஐப்பசியோடு சாப்பாடு நின்றிருந்தது. பேசிக்கொண்டிருக்கையிலேயே கண் மூடியது. கார்த்திகை பத்தொன்பதாம் நாள் காலையில் கட்டில் வெறுமையாக இருந்தது. செருப்புகள் தோட்டத்துப் படலையடியில் சோடியாகக் கிடந்தன.

வாக்குக் கொடுத்தவர், தானாக எழும்புவார் என்று அவள் மார்கழி முழுக்கக் காத்திருந்தாள். தை பிறந்தும் காத்திருந்தாள். கலியாணத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது, ஸ்ரீஸ்கந்தராஜாவையும் மண்வெட்டியையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். முதல் நாள்தான் பனி கொட்டியிருந்தது. ஹெல்கா வேலியடியில் நின்று, வேண்டாம், வேண்டாம் என்றாள். எழுப்பத்தான் வேண்டுமென்றால் ஒரு கிழமை கொண்டு, பாகை பாகையாகச் சூடேற்ற வேண்டும் என்றாள்.

"ஒரு நாளைக்குத்தான் ஹெல்கா. ஒரு நாள்" என்று புஸ்பவதி ஜெர்மனில் கெஞ்சினாள்.

இரண்டு அடியில் அவர் கிடைத்தார். முழங்காலை மார்போடு மடக்கி, நிலவறையில் வைத்த உருளைக்கிழங்குபோலக் குளிர்ந்து போயிருந்தார். பக்கத்தில் ஆமை அசையவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜா அவரைத் தோளில் போட்டுக்கொண்டு, "பாரமே இல்லையடா உன்னில" என்று சொல்லி அழுதார். வீட்டில் குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று மணித்தியாலம் கிடத்தினார்கள். நாலாம் மணித்தியாலம் ஒரு கண் திறந்தது.

கலியாணம் குறைவில்லாமல் நடந்தது. பட்டு வேட்டி கட்டி மணவறையில் இருந்தார். ஐயர் சொன்னதைச் சொன்னார், புஸ்பவதி நீர் வார்க்க மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தார். அவருடைய கை பட்டதும் கஜரூபனுக்குப் பல் கிடுகிடுத்தது. சபை அதை மாப்பிள்ளையின் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தது. வீடியோக்காரரின் விளக்கு எந்தப் பக்கம் போனதோ, தங்கராசாவின் முகமும் அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்துதான் இருந்தார், எல்லாரும் பார்த்தார்கள். ஆனாலும் எடுத்த முந்நூற்றிருபது படத்திலும் அவருக்குக் கண் மூடியிருந்தது. புஸ்பவதி அந்த ஒரு நாள் முழுக்க நிமிர்ந்து நடந்தாள்.

அதற்குப் பிறகு அவர் தூங்கவும் இல்லை, விழிக்கவும் இல்லை. புட்டும் சம்பலும் வைத்தால், அது ஆருக்கோ வைத்ததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெல்கா சொல்லிக்கொடுத்தபடி புஸ்பவதி காலைதோறும் அவரைத் தராசில் ஏற்றினாள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தாறரை. ஐம்பத்தைந்து. படுக்கையறையில், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள மூலையில் குந்தியிருந்து நிலத்தைச் சுரண்டினார். மரத்தகடு கிளம்பி, கீழே சீமெந்து தெரிந்தது. விரல்களுக்குத் துணி சுற்றிக் கட்டினாள். துணியோடு சுரண்டினார்.

"என்னத்தைத் தேடுறியள், சொல்லுங்கோவன்?"

"ஆழம் காணாது, புஸ்பம்" என்றார். கலியாணத்துக்குப் பிறகு அவர் பேசியது அது ஒன்றுதான்.

மாசி முதல் கிழமை, ஆமையை வாசல் தாண்ட விடாத புஸ்பவதி, பூங்கன்றுக் கடையில் இருந்து நாற்பத்திரண்டு மூட்டை மண் எடுப்பித்து மூன்றாம் மாடிக்கு ஏற்றினாள். கட்டிலைக் கழற்றி வெளியே வைத்தாள். மணல் கலந்து, தண்ணீர் தெளித்து, இடுப்பளவுக்கு நிரப்பி, மேலே சருகும் போட்டாள். தங்கராசா ஒரு நிமிடத்துக்குள் இறங்கி மறைந்தார். அன்று அவள் விறாந்தையில் பாய் விரித்து, அறைக் கதவோடு முதுகைச் சாய்த்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்தாள். ஆனால் கீழ்வீட்டுக்காரர் சூடேற்றியைப் போட்டிருந்தார். மண் அடியில் இருந்து இளஞ்சூடாகியது. மூன்றாம் நாள் அவர் வேர்த்தபடி மேலே வந்து, திரும்ப மூலையில் குந்தினார். தராசு ஐம்பத்தொன்று காட்டியது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தது. வீட்டு நிர்வாகத்தில் இருந்து ஆள் வந்து, அறையை எட்டிப் பார்த்து, வாடகை ஒப்பந்தத்தில் செல்லப் பிராணிக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

மார்ச் தொடக்கத்தில் புஸ்பவதி ஹெல்காவிடம் போய் நின்றாள். ஹெல்கா ஒளிக்கவில்லை. மேலே வைத்திருந்தால் இரண்டு கிழமை தாங்கமாட்டார். கீழே விட்டால் இருப்பார், ஆனால் இந்தப் பங்குனிக்கு எழும்பும் பலம் இல்லை, அடுத்த பங்குனிக்கும் எழும்புவார் என்று நான் சொல்லமாட்டேன் என்றாள். புஸ்பவதி அன்று வீடு திரும்பி, அவருடைய நகங்களை வெட்டினாள். பிறகு, மறுபடி அவை தேவைப்படுமே என்று நினைத்து, பாதியில் நிறுத்தினாள்.

மார்ச் பதினோராம் திகதி ஞாயிறு, அவரைக் கைத்தாங்கலாக மேட்டுக்குக் கூட்டிப்போனாள். இரண்டாம் பிள்ளையைப் பெறும்போது வாங்கிய அளவுக்குத் தனக்கு மூச்சு வாங்கியது என்று பிறகு சொன்னாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. வெயில் நல்லாக இருந்தது. ஆமை அந்த முறை வழமைக்கு முந்தியே எழும்பி, தலையில் மண்ணோடு வெளியே நின்றது. தங்கராசா அதைத் தாண்டி, அது வந்த வழியாலேயே இறங்கினார். மெதுவாகத் தோண்டினார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. புஸ்பவதி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்தப் பங்குனி அவர் எழும்பவில்லை. 2008ஆம் ஆண்டுப் பங்குனியும் எழும்பவில்லை, 2009இலும் இல்லை. வேலைக் கந்தோர் அவருடைய கோப்பை வசிப்பிடம் மாற்றியவர்கள் பகுதிக்கு அனுப்பியது. சங்கத்துப் பதிவேட்டில், பதினாலாம் இலக்கத் தோட்டம், ஒரு ஆமை, ஒரு அங்கத்தவர் என்று எழுதிவைத்தார்கள். வருடாந்தப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் அந்த மேட்டைச் சுற்றித்தான் நடப்பார்கள். சிவப்பிரியாவுக்கு மகள் பிறந்தாள். மண் நிரப்பிய அறை அப்படியே இருந்தது. புஸ்பவதி விறாந்தையிலேயே படுத்தாள். கோயிலில் கேட்கிறவர்களிடம், அவர் தோட்டத்தில் இருக்கிறார் என்று சொல்லப் பழகினாள். அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிறுதோறும் போவாள். மண்ணுக்குள் ஒரு வெப்பமானியை இறக்கி, ஐந்து பாகை என்றால் தலையாட்டுவாள், எட்டு என்றால் இன்னொரு மூட்டைச் சருகு போடுவாள். பிறகு மடிக்கதிரையை விரித்து, கிழமைச் செய்திகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். 2009 கார்த்திகை, ஆமை மறுபடி இறங்கிய கிழமை, பேத்திக்குக் காது குத்த நாள் வைத்திருப்பதையும், ஸ்ரீஸ்கந்தராஜாவும் அம்பிகாவும் முன்னுக்கு நின்று எல்லாம் செய்வார்கள் என்பதையும் சொன்னாள். மழை தூறத் தொடங்கியது. ஹெல்கா தன் குடிலைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். புஸ்பவதி கதிரையை மடித்து வைத்துவிட்டு, குனிந்து, சருகில் உள்ளங்கையை வைத்தாள்.

"எழுப்ப வரேல்லை, பயப்படாதேங்கோ. இஞ்சருங்கோ, நான் சொன்னது கேட்டதெண்டால், ஒருக்கால் மண்ணை மட்டும் அசைச்சுக் காட்டுங்கோவன்?"