கறுப்பு டேப் ஒட்டிய பெட்டி

"ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு பாட்டு. ஆரம்பம், நடு, முடிவு மூணும் இருக்கணும். இல்லேன்னா அந்த ரூம் என் மெஷினுக்கு" என்றாள் தையற்காரி.

"பாட்டுங்கிறது என்ன குழாய்த் தண்ணியா, திறந்ததும் கொட்ட?" என்றான் கணவன்.

"ரெண்டு வருஷமா திருகிட்டுதானே இருக்கீங்க. ஒரு சொட்டாவது வரட்டுமே."

அவன் திருகிக்கொண்டிருந்தது பேஸ் சின்த் என்ற மின்சார வாத்தியப் பெட்டியை. உள்ளங்கையில் அடங்கும், வயிற்றைக் கலக்கும் கீழ் ஸ்வரங்களை மட்டும் உறுமும், முகம் முழுக்கத் திருகுகள். அதற்குத் தையற்காரி வைத்த பெயர் சோப்பு டப்பா. அந்த டப்பாவுக்கென்று வீட்டில் ஒரு தனி அறை. தையற்காரிக்கோ ஹாலில், சோபாவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே கொஞ்சம் இடம். இப்போது ஒரு ஹோட்டலிலிருந்து திரைச்சீலை ஆர்டர் வந்திருந்தது. ஒழுங்காகத் தைத்துக் கொடுத்தால் அவர்களுடைய மற்ற மாடிகளின் ஆர்டரும் அவளுக்குத்தான். ஆனால் ஒரு திரையை விரித்தாலே சமையலறைக்குத் தாண்டிக் குதித்துத்தான் போக வேண்டும்.

சவாலை ஏற்ற கணவன் பாட்டுப் போட உட்காரவில்லை. போனைத் திறந்து, அதே பெட்டியை வைத்திருப்பவர்களின் குரூப்பில் யோசனை கேட்டான்.

"முதல்ல நல்ல ஒயரா வாங்குங்க பாஸ்" என்றார் ஒருவர்.

"ஜோடியா ஒரு டிரம் பெட்டி இல்லாம பாட்டா? விளங்கிடும்!"

"நானும் ஒரு பாட்டு ஆரம்பிச்சேன். நடுவுல பெட்டியை வித்துட்டேன். மனசு கேக்காம அதையே திரும்ப வாங்கிட்டேன். இனிமேதான் தொடரணும்."

சனிக்கிழமை வரை அவனிடம் இருந்தது ஒரு தும்மல் நீளத்துக்கு ஒரு துணுக்கு. அதுவே சுற்றிச் சுற்றி வரும். பாட்டு கிடைக்காவிட்டால் என்ன, தீர்ப்புச் சொல்ல ஆள் கிடைக்காதா? குரூப்பிலிருந்து இருவரை ஞாயிறு சாயங்காலம் வரச் சொன்னான். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவரை எல்லாரும் 'பழைய பேட்ச்' என்பார்கள். முதன்முதலில் வந்த பெட்டிகளில் ஒன்று அவரிடம் இருந்தது. அந்தப் பெட்டியின் ஒலியைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

"உங்க பெட்டி சத்தம் எப்படிங்க இருக்கும்?" என்று பழைய பேட்சைக் கேட்டார் டாக்டர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"சீலே உடைக்கலையே. உடைச்சா மதிப்பு போயிடும்ல!"

மூவரும் அறைக்குள் போனார்கள். ஹாலில் திரைச்சீலையோடு மல்லாடிக்கொண்டிருந்த தையற்காரி, "நான் இங்கிருந்தே கேட்டுக்கறேன். கையில வேலை இருக்கு" என்றாள்.

குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு. வெளிச்சம் காதைக் கெடுக்குமாம். அதனால் பெட்டியின் பொட்டு விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டி, அறை விளக்கை அணைத்து, கண்ணை மூடித்தான் கேட்பார்கள். அப்படியே செய்தார்கள். கணவன் தடவிப் பார்த்து ஒரு பொத்தானை அமுக்கினான்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு சுவரும் தரையும் அதிர, டுர்ர்ர்ர்ர் என்று எழுந்தது ஓர் உறுமல்.

"அடேயப்பா, அடிவயித்துல இறங்குது!" என்றார் டாக்டர்.

"பேசாதீங்க. இப்பதான் கதகதப்பு ஏறுது" என்றார் பழைய பேட்ச்.

கணவனுக்கே ஆச்சரியம். தன் பெட்டி இப்படிப் பாடும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. ஒரு திருகைத் திருகினான். உறுமல் வேகம் பிடித்தது. இன்னொன்றைத் திருகினான். தயங்கித் தயங்கி நடந்து, மறுபடி ஓடியது.

"பார்த்தீங்களா, மூச்சு வாங்குது! உயிர் இருக்கு சார் இதுல!" என்றார் டாக்டர்.

சட்டென்று நின்றது.

"அந்த மௌனம்! அங்கதான் நிக்கிறான் கலைஞன்" என்றார் பழைய பேட்ச், தழுதழுத்து.

கதவு திறந்தது. "ஏங்க, நூல் தீர்ந்துடுச்சு. இந்த ரூம் அலமாரியில இருந்து வெள்ளைக் கண்டு ஒண்ணு எடுங்க" என்றாள் தையற்காரி.

"ஷ்ஷ்... சிஸ்டர், பாட்டு ஓடுது" என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமலே.

"எந்தப் பாட்டு? உங்க டப்பா பிளக்கைப் பிடுங்கிட்டு, அதுல என் மெஷினைச் சொருகித்தானே நான் தைச்சிட்டிருக்கேன்! ஹால்ல பிளக் பாயிண்ட் செத்துப் போச்சுன்னு காலையிலேயே சொன்னேனே இவர்கிட்ட. திருகற சுவாரஸ்யத்துல காதுல விழுந்திருக்காது."

கதவுக்கடியில் ஒரு ஒயர் ஹாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கணவன் நகத்தால் டேப்பைப் பிய்த்தான். பொட்டு விளக்கில் வெளிச்சமே இல்லை. டாக்டர் ஒருமுறை இருமினார்.

பழைய பேட்ச்தான் முதலில் தேறினார். "சிஸ்டர், தையல் மெஷின் என்ன மாடல்?"

"எதுக்கு?"

"குரூப்ல கேப்பாங்க."

"அதை அப்புறம் சொல்றேன். நீங்கதானே தீர்ப்புச் சொல்ல வந்தீங்க? ஆரம்பம், நடு, முடிவு மூணும் இருந்துச்சா?"

"இருந்துச்சு சிஸ்டர்" என்றார் டாக்டர், தரையைப் பார்த்து.

"அப்ப ரூம் பாட்டுப் போட்டவளுக்குத்தானே? வாங்க டாக்டர், மெஷின் மேசையை அந்தப் பக்கம் பிடிங்க. பழையவரே, நீங்க இந்தப் பக்கம். மெதுவா, கால்ல போட்டுக்காதீங்க."

மெஷின் உள்ளே போனது. பெட்டி வெளியே வந்தது. கதவு சாத்தியதும் உறுமல் மறுபடி கிளம்பியது. பழைய பேட்ச் ஹால் சுவரில் காதை வைத்து, "இங்கிருந்து கேட்டா கதகதப்பு இன்னும் தூக்கல்" என்றார்.

பெட்டியைக் கையில் ஏந்தி, ஒயரைத் தொங்கவிட்டுக்கொண்டு, கணவன் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். "ஏம்மா, இங்க கரண்டே வரலையே. இதை எங்க சொருகறது?"

"எதுக்குச் சொருகணும்?" என்றது உள்ளிருந்து குரல். "கரண்ட் இல்லாமலேதானே பிரமாதமா வாசிச்சுது!"