முதியோர் பஸ் பாஸ்

ஆறு வாரமாக இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊர் பப்பில் லேபர் கட்சிக்காகத் தொண்டை கிழியக் கத்தினார் எழுபது வயது நெவில்.

"கன்சர்வேடிவுக்குப் போடுறதுக்கு, ஓட்ட குப்பையிலயே போடலாம்டா!"

கன்சர்வேடிவ் கட்சிக்காரரான நண்பர் கிளிஃபர்ட் பீரைக் குடித்தபடி சிரிப்பதோடு சரி.

தேர்தலன்று இருவரும் சேர்ந்தே வாக்குச்சாவடிக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் அதிகாரி புகைப்பட அடையாள அட்டை கேட்டாள். கிளிஃபர்ட் முதியோருக்கான இலவச பஸ் பாஸை நீட்டி, ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். நெவிலிடம் பாஸ்போர்ட்டும் இல்லை, ஓட்டுநர் உரிமமும் இல்லை.

"உங்ககிட்டயும் பஸ் பாஸ் இருக்குமே சார்?"

"அதெல்லாம் கிழவனுங்க வாங்குறதும்மா!" பாஸ் வாங்கும் வயது வந்ததிலிருந்து நாலு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவரும் பதில், வாய் தவறி வந்துவிட்டது.

கிளிஃபர்ட் தோளில் கைபோட்டு அவரை வெளியே கூட்டிவந்தார்.

"விடுடா. ஓட்டுப் போட உனக்கு இன்னும் வயசு வரல."