ஏரிக்கரைக் கல்

எட்டு நாள் மலைநடையில் ஐந்தாம் நாள் ஓய்வு. யாருக்கு ஓய்வு என்று மட்டும் கேட்கக் கூடாது. தூரதேசத்திலிருந்து நடக்க வந்த ஆறு பேரும் காலுறைகளைக் கூடாரக் கயிறுகளில் காயப்போட்டுவிட்டு, ஏரியைப் பார்த்து மல்லாந்து கிடந்தார்கள். கோவேறு கழுதைகள்கூட மூட்டையில்லாமல் மேய்ந்தன. சமையற்காரி எர்மெலிந்தா விடிந்ததிலிருந்து உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள். ஓய்வு நாளென்றால் குழிச்சமையல். பழுக்கச் சுட்ட கற்களோடு ஆட்டிறைச்சியையும் கிழங்கையும் மொச்சையையும் குழியில் அடுக்கி, மண்ணைப் போட்டு மூடவேண்டும். வாய்வாஷ் மலைகளில் ஒன்பது வருஷமாக அந்தக் கற்களைப் பொறுக்கி அடுக்கியது அவள் கைதான்.

இந்த முறை அவள் புருஷன் அதையும் பிடுங்கிக்கொண்டான்.

"நேத்து இறக்கத்துல உன் முட்டி பட்ட பாடு போதும்" என்றான் அல்சீதெஸ், கழுதைக் கயிற்றைச் சுருட்டியபடி. "நீ உக்காந்து மொச்சை உரி. கல்லை யோவானா அடுக்கட்டும்."

முட்டி என்ற சொல் அவள் காதில் ஏறவில்லை. யோவானா என்ற பெயர் மட்டும் ஏறியது.

யோவானா இந்தப் பருவத்தில்தான் சமையலுக்குக் கூடமாட வந்தவள். கீழே ஊர்ச் சந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவள், புருஷனை இழந்தவள். வாயைத் திறந்தால் வேடிக்கைப் பேச்சு. கழுதைகளோடு பேசுகிற அளவுகூட மனிதரோடு பேசாத அல்சீதெஸ், ஐந்து நாளாகப் பல் தெரியச் சிரிக்கிறான். முந்தாநாள் கணவாயில் அவள் தொப்பி காற்றில் பறந்தபோது ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தான். ஒன்பது வருஷத்தில் எர்மெலிந்தாவின் தொப்பி எத்தனை முறை பறந்திருக்கும்! ஒவ்வொரு முறையும் அவளேதான் துரத்தினாள்.

யோவானா சரிவிலிருந்து கற்களைச் சுமந்து வந்து, குழியின்மேல் கூடுபோல் அடுக்கினாள். உள்ளே விறகு எரியும்; கல் பழுத்ததும் கூட்டைக் கலைத்துச் சமைக்கலாம். கல் போதவில்லை. ஏரிப் பக்கம் போய் இன்னொன்றைத் தூக்கி வந்தாள். சாம்பல் நிறம், முட்டைபோல் வழவழப்பு. வெயிலில் மேல்பக்கம் காய்ந்திருந்தது.

எர்மெலிந்தாவின் கை நின்றது. ஏரியில் ஊறிய கல் சூட்டில் வெடிக்கும். மலையில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். யோவானாவின் ஊரிலோ இந்தக் குழிச்சமையலையே பானையில் செய்வார்கள். அவளுக்கு என்ன தெரியும்?

சொல்ல வாயெடுத்தாள். அந்நேரம் பார்த்து யோவானா அல்சீதெஸிடம் குனிந்து என்னவோ கேட்டாள். அவன் எர்மெலிந்தா பக்கம் கண்ணைக் காட்டி என்னவோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள்.

என்னைப் பார்த்துத்தானே சிரிக்கிறார்கள்? வெடிக்கட்டும். கூடு சரியட்டும், அந்த வெள்ளைக்காரர்கள் முன்னால் இவள் மானம் போகட்டும். வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல் மொச்சையை உரித்தாள்.

தீ பிடித்தது. யோவானா தண்ணீருக்குப் போனாள். எர்மெலிந்தா நிமிர்ந்து பார்த்தபோது அல்சீதெஸ் கூட்டின் வாயருகே மண்டியிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தான். சாம்பல் நிறக் கல் அவன் நெற்றிக்கு நேர் மேலே இருந்தது.

"அல்சீதெஸ், எந்திரி! கல்லு!"

அவன் தலையைத் திருப்பினான். துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். கழுதைகள் மிரண்டு ஓடின. அவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான்; விரலிடுக்கில் ரத்தம்.

முட்டியை மறந்து ஓடினாள். காதுமடல் கிழிந்திருந்தது. நாலு விரல்கடை தள்ளி இருந்தது கண். தலைத்துணியை அவிழ்த்துக் காதில் அழுத்தினாள்.

யோவானா வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஐயோ, நான் வெச்ச கல்லுதான் அக்கா. ஏரிக்கரைக் கல்லு ஆகுமான்னு அண்ணன்கிட்ட கேட்டேன்."

"நான் எங்க பாத்தேன்? கழுதை லாடத்தைப் பாத்துட்டிருந்தேன்" என்றான் அல்சீதெஸ், பல்லைக் கடித்துக்கொண்டு. "எர்மே அங்கதான் உக்காந்து பாக்குறா, தப்புக் கல்லா இருந்தா இந்நேரம் உன் தலையை உருட்டியிருப்பா, அவ பேசலேன்னா கல்லு நல்ல கல்லுன்னு சொன்னேன்."

அதற்குத்தானா சிரித்தார்கள்.

"நீ எப்படிக் கவனிக்காம விட்ட?" என்று கேட்டான். குற்றமாகக் கேட்கவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டான்.

"கவனிச்சேன்" என்றாள். "அவ தூக்கிட்டு வரும்போதே பாத்தேன். வெடிக்கட்டும்னு இருந்தேன்."

யோவானா அவளைப் பார்த்தாள், அல்சீதெஸைப் பார்த்தாள். சந்தையில் கடை வைத்தவளுக்கு மனுஷர்களைத் தெரியும். அல்சீதெஸ் துணியைத் தானே அழுத்திக்கொண்டு, ஓடிப்போன கழுதைகளைத் தேடி மேட்டில் ஏறினான்.

குழி காத்திருந்தது, ஆறு பேரின் பசி காத்திருந்தது. யோவானா மறுபடி சரிவுக்குப் போய் ஒரு கருங்கல்லைச் சுமந்து வந்தாள். அடுக்கவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எர்மெலிந்தா முன்னால் நின்றாள்.

"இது ஆகுமா அக்கா?"

எர்மெலிந்தா கல்லைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஆகும்" என்றாள்.

அதன்பிறகு யோவானா கொண்டுவந்த ஒவ்வொரு கல்லுக்கும் அதே கேள்வி வந்தது.