மெத்தை ஏற விடாத குதிகால்

செவ்வாய்க்கிழமை காலை, தி. நகர் பட்டுக்கடை ஒன்றின் இரண்டாவது மாடியில், மயில்கழுத்து நிறப் புடவை ஒன்று ஏசுராஜின் வலது குதிகாலில் மாட்டிக்கொண்டது. அங்கே வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தைமேல் வெறுங்காலோடு நின்று, நடந்துதான் புடவை காட்ட வேண்டும். விரித்த புடவையின் ஓரத்தில் கால் பட்டு, ஓர் இழை முழ நீளத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள். மாடிப் பொறுப்பாளர் சுந்தரராமனும் பார்த்தார்.

கூட்டம் குறைந்ததும் அவர் ஏசுராஜை உட்காரவைத்துக் காலை நீட்டச் சொன்னார். ஒரு பட்டு ரவிக்கைத் துண்டைக் குதிகாலில் வைத்து மெதுவாக இழுத்தார். சர்ரென்று சத்தம் வந்தது.

"இது காலா, தேங்காய்த் துருவியா? வெள்ளிக்கிழமை ஆழ்வார்பேட்டை அம்மா வர்றாங்க. பொண்ணு கல்யாணத்துக்குப் பதினெட்டுப் புடவை. அன்னிக்குக் காலைல இதே மாதிரி இழுத்துப் பாப்பேன். மாட்டுச்சுன்னா நதீம் மெத்தை ஏறுவான். நீ கீழ நைட்டி செக்‌ஷனுக்குப் போயிடு."

"சார், அந்தம்மா என்னைத்தான் சார் கேப்பாங்க."

"அவங்க உன் வாயைக் கேப்பாங்க. நான் உன் காலைக் கேக்கறேன்."

இருபத்திரண்டு வருடமாக அந்த மெத்தையில் நிற்பவர் ஏசுராஜ். நதீம் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. வழவழவென்று கால் இருக்கிறதே தவிர, புடவையைப் பற்றிக் கேட்டால் "நல்லா இருக்கும்மா" என்பதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

சாயங்காலம் பட்டினப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏசுராஜ் மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் விவரமாகச் சொன்னார்: வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் பதினைந்து நிமிடம் ஊறவைக்க வேண்டும், கால் தேய்க்கும் நுரைக்கல்லால் லேசாகத் தேய்க்க வேண்டும், துடைத்துவிட்டு கிரீம் தடவ வேண்டும். மூன்று வாரத்தில் சரியாகிவிடும்.

"மூணு வாரமா? ஒரு மூணு நாள்ல முடிச்சுக் குடுங்க."

"நான் எங்கங்க குடுக்கறது? உங்க தோல் குடுக்கணும்."

முதலில் சொல்லும் எண் உண்மையான எண் இல்லை என்பது ஏசுராஜுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். மூன்று வாரம் என்று ஒருவர் சொன்னால், அதில் ஒரு வாரத்தைக் குறைத்துக் கேட்பவர்களுக்காகவே ஏற்றி வைத்திருப்பார். தண்ணீரை இன்னும் கொஞ்சம் சுட வைத்து, பதினைந்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கினால் மிச்சமும் இறங்கி வரும். இப்படித் தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் இரண்டு காலும் கொள்கிற மாதிரி இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் டப்புதான். மீன் வியாபாரம் முடித்து வந்த அவர் மனைவி ரோஸி, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற?"

"காலை ஊற வெச்சுக்கினு கீறேன்."

"அது நா வஞ்சிரம் கழுவுற டப்பு."

"கழுவிட்டுத்தான் வெச்சேன்."

"டப்பைக் கழுவுன. காலைக் கழுவுனியா? நாளைக்கு இதுல மீனைப் போட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கினு நா விக்கறது?"

"வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுத்துக்கோ ரோஸி."

"என் காலு விடிகாலைலேர்ந்து ஐஸ் தண்ணில நிக்குது. எவனாச்சும் துணி வெச்சு இழுத்துப் பாத்தானா?"

"உன் மீன்ல இழை கெடையாது."

புதன்கிழமை கல் உப்பும் எலுமிச்சம்பழமும் சேர்ந்தன. வியாழக்கிழமை தண்ணீர் ஆவி பறக்கச் சுட்டது. ஒன்றரை மணி நேரம் ஊறினார். தோல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துச் சுருங்கியதும் நுரைக்கல்லை எடுத்து ஆத்திரத்தோடு தேய்த்தார். பட்டை பட்டையாக உரிந்து வந்தது. "போதும்யா, எலும்பு தெரியப் போவுது" என்று ரோஸி கல்லைப் பிடுங்கிப் போட்டாள். அடியில் ரோஜா நிறத்தில் புதுத் தோல் எட்டிப்பார்த்தது. தரையில் கால் வைத்தால் சிமெண்டின் ஒவ்வொரு மணலும் தெரிந்தது. தேங்காய் எண்ணெயைக் கெட்டியாகப் பூசி, பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டு படுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை சுந்தரராமன் துணியை இழுத்தார். சத்தமே இல்லை. ஏசுராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுந்தரராமன் துணியைத் திருப்பினார். உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

"சோப்புப் போட்டுட்டு வரேன் சார்."

சோப்புப் போட்டு, துடைத்து, காயவைத்து வந்தார். இந்தத் தடவை துணி மாட்டியது. உரிந்த தோலின் விளிம்புகள் முள் முள்ளாக நின்றன. முன்பாவது ஓர் இழையோடு விட்டது, இப்போது மூன்று இழை.

"சாக்ஸ் போட்டுக்கறேன் சார்."

"மெத்தைல சாக்ஸா? வழுக்கி அந்தம்மா மடில உக்காரவா?"

"இடது கால் அவ்வளவா மாட்டல சார்."

"அப்ப நொண்டி அடிச்சு விப்பியா? ஏசுராஜ், கெஞ்சாத. கட்டு கட்டா எடுக்கறவங்க வர்ற நேரம்." சற்று யோசித்தார். "சரி, ஒண்ணு பண்ணு. நீ கீழ தரைல நின்னு சொல்லு. நதீம் மேல நின்னு விரிக்கட்டும். இன்னிக்கு மட்டும்."

இன்னிக்கு மட்டும் என்பதை ஏசுராஜ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இன்று நன்றாக விற்றுக் காட்டினால் அடுத்த முகூர்த்தத்துக்கு மெத்தை தானாக வந்துவிடும்.

ஆழ்வார்பேட்டை அம்மா மகளோடு வந்து உட்கார்ந்தார். "என்ன ஏசுராஜ், கீழ நிக்கறீங்க?"

"உங்க பக்கத்துல நின்னு பாத்தாத்தாம்மா உங்க கண்ணுக்குத் தெரியறது எனக்கும் தெரியும்."

அதன் பிறகு அவர் வாய் ஓயவில்லை. "நதீம், அந்த அரக்கு பார்டரைத் திருப்பு. அம்மா, மண்டபத்து லைட்ல இது கருத்துடும், பாப்பாவுக்கு வேணாம், சம்பந்தியம்மாவுக்குக் குடுத்துடுங்க." அம்மா சிரித்தார். மகள் சிரித்தாள். நதீம் விரித்தான், மடித்தான், தோளில் போட்டுக் காட்டினான்; வாயைத் திறக்கவில்லை. ஏசியில் சில்லிட்டுப்போன கருங்கல் தரை, உரிந்த குதிகாலில் ஊசியாய் ஏறியது. மூன்றரை மணி நேரம் அப்படியே நின்றார். பதினெட்டு கேட்டு வந்தவர்கள் இருபத்து நான்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

சுந்தரராமன் வந்து அவர் தோளில் தட்டினார்.

"அடுத்த முகூர்த்தத்துக்குள்ள கால் ஆறிடும் சார். நான் மெத்தைக்கு வந்துடறேன்."

"எதுக்கு? இதுதான் ஜோரா இருக்கே. புடவைக்கும் சேதம் இல்ல, வியாபாரமும் கூடுது. முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன். இனிமே நீ கீழ, நதீம் மேல."

"சார், இன்னிக்கு மட்டும்னு சொன்னீங்க."

"இவ்வளவு விப்பேன்னு நீ சொல்லலியே."

"கல்லுத் தரை சார். தோல் போயிடுச்சு. இப்ப என்னால மெத்தைலதான் நிக்க முடியும்."

"செருப்புப் போட்டுக்கோ. கீழதானே" என்று சொல்லிவிட்டு சுந்தரராமன் அடுத்து வந்த குடும்பத்தை வரவேற்கப் போனார்.

நதீம் மெத்தையிலிருந்து குனிந்தான். "ண்ணா, காஞ்சிபுரம் கேக்கறாங்க. இன்னா எடுக்கட்டும்?"

ஏசுராஜ் அவன் காலைப் பார்த்தார். நீயே பார்த்து எடு என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. அந்தக் குடும்பம் நாற்காலிகளில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது.

"மூணாவது அடுக்கு, இடது பக்கம்" என்றார்.