இன்று மே ஐந்து

எங்கள் சட்டக் கல்லூரியிலிருந்து போட்டிகளுக்கு மூன்று அணிகள் போகும். குரல் உள்ளவர்கள் நீதிபதி முன்னால் வாதாடும் அணிக்குப் போனார்கள். முகத்தில் எதுவும் காட்டாதவர்கள் பேரம் பேசும் அணிக்குப் போனார்கள். இரண்டும் இல்லாமல் மிச்சம் நின்ற நானும் ஃபிளிக்கும் கட்சிக்காரரிடம் பேசும் அணி.

போட்டி எளிதானது. முன்பின் தெரியாத ஒருவர் கட்சிக்காரராக நடித்துக்கொண்டு உள்ளே வருவார். முப்பது நிமிடத்தில் அவர் பிரச்சினையைக் கேட்டு, சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கி, நம்பிக்கையோடு வெளியே அனுப்ப வேண்டும். அவருக்குக் கொடுத்திருக்கும் தாளில் ஒரு ரகசியம் இருக்கும். சரியான கேள்வி கேட்டால்தான் சொல்வார். இதற்கெல்லாம் பயிற்சி உண்டு. தண்ணீர் டம்ளரை எந்தப் பக்கம் வைப்பது, டிஷ்யூ பெட்டியை எவ்வளவு தூரத்தில் வைத்தால் அழத் தூண்டாமல் அழ அனுமதிப்பது போல் இருக்கும், கேள்வி கேட்டபிறகு எத்தனை விநாடி வாயை மூடிக்கொண்டிருப்பது. ஐந்து விநாடி. ஐந்தாவது விநாடியில் மனிதர்கள் தாங்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்பது எங்கள் பயிற்சியாளர் ஹேமிஷின் கண்டுபிடிப்பு. அவர் முப்பது வருடம் வக்கீலாக இருந்தவர்.

புதன்கிழமைதோறும் எங்களுக்குக் கட்சிக்காரராக நடிக்க வந்தவர் நோலீன். வயது ஐம்பத்தொன்பது. எங்கள் ஊரான டவுன்ஸ்வில்லின் நாடகக் குழுவில் இருபது வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரி வேடம் மட்டும் போட்டவர். எங்களிடம்தான் கதாநாயகி. கணவனை இழந்தவர், நாயிடம் கடிபட்டவர், தம்பியால் ஏமாற்றப்பட்டவர் என்று வாரம் ஒன்றாக ஆறு வாரம் வந்தார். எந்தக் கதையானாலும் சரியாகப் பன்னிரண்டாவது நிமிடம் கண்ணீர் வரும். சம்பளம் ஒரு சாஸேஜ் ரோலும் டீயும்.

பயிற்சி அறையின் வெள்ளைப் பலகையில் சிவப்பு மையில் 'இன்று மே 5, திங்கள்' என்று எழுதிக் கட்டம் போட்டிருந்தோம். கீழே ஃபிளிக்கின் கையெழுத்தில் 'அழித்தால் கொலை.' அந்த வருடப் போட்டியின் எல்லாக் கதைகளும் மே ஐந்தாம் தேதி நடப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. எந்த மாதம் பயிற்சி செய்தாலும் கெடுநாள் கணக்குக் குழம்பக் கூடாது அல்லவா. மூன்று மாதம் மே ஐந்திலேயே வாழ்ந்தோம். ஃபிளிக் ஒருமுறை வங்கிப் படிவத்திலும் அதே தேதியை எழுதினாள்.

ஏழாவது புதன்கிழமை ஹேமிஷ் ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டு தாள் அனுப்ப மறந்துவிட்டார். நோலீன் வெறுங்கையோடு வாசலில் நின்றார்.

"இன்னைக்கு தாளே வரலையே கண்ணுங்களா. நான் கெளம்பட்டுமா?"

"ஐயோ, போகாதீங்க நோலீன். இன்னும் அஞ்சு வாரத்துல பிரிஸ்பேன்ல ஃபைனல்," என்றாள் ஃபிளிக். "நீங்களே எதையாவது அடிச்சு விடுங்க. எது வேணா."

"எது வேணாவா?"

"எது வேணா."

நோலீன் சற்று நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு வெளியே போய், கதவைத் தட்டி, திருமதி டால்பி என்ற பெயரில் உள்ளே வந்தார்.

"இங்கே பேசுவது எதுவும் இந்த அறையை விட்டு வெளியே போகாது," என்றேன். அது எங்கள் முதல் வசனம்.

திருமதி டால்பி முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். அங்கே தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவருக்கு, தொண்டையில் அடைத்துவிடும் என்று, எல்லாவற்றையும் கூழாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அவர் எட்டு மாதமாகத் தினமும் காலையில் டோஸ்ட் கேட்டிருக்கிறார். ஒரு நாள் இவர் ஓரங்களை வெட்டி, வெண்ணெயும் வெஜிமைட்டும் தடவி, விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கொடுத்தார். கிழவர் நான்கு முறை இருமினார். பிறகு இன்னொரு துண்டு கேட்டார். மே இரண்டாம் தேதி மதியம், பத்து நிமிடக் கூட்டத்தில், இவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"முன்னாடி ஏதாவது எச்சரிக்கை குடுத்தாங்களா?" என்று கேட்டேன். ஐந்து விநாடி.

"பதினோரு வருஷத்துல ஒரு தடவை. தலைக்கு வலை போடாம வந்தேன்னு."

"அந்தப் பெரியவருக்கு உடம்புக்கு எதாவது ஆச்சா?"

"அவரா? என்னைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லி ஒரு நேரம் சாப்பிடாம இருந்தாராம்."

நல்ல விவரம் என்று குறித்துக்கொண்டேன். அநியாயமாக வேலையிலிருந்து நீக்கினால் இருபத்தொரு நாளுக்குள் தொழிலாளர் ஆணையத்தில் மனுப் போட வேண்டும். தாண்டினால் கதவு சாத்தியாயிற்று. இந்தக் கெடுவை முதலில் சொல்பவர்களுக்கு நடுவர்கள் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பார்கள். நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

"மே ரெண்டு. இன்னைக்கு அஞ்சு. மூணு நாள் போயிருக்கு. உங்களுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு, திருமதி டால்பி."

"பதினெட்டா?"

"பதினெட்டு," என்றாள் ஃபிளிக்கும், இதமாக. "அவசரமே இல்லை. நீங்களா எதையும் எழுதி அனுப்பிடாதீங்க, வார்த்தை தப்பாச்சுன்னா சிக்கல். காகிதத்தையெல்லாம் சேர்த்து எடுத்துக்கிட்டு அடுத்த வாரம் வாங்க."

நோலீன் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "சரி," என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டீ குடிக்கவில்லை. அழவும் இல்லை. மதிப்பெண் தாளில் ஃபிளிக் பத்துக்கு ஆறு போட்டு எழுதினாள்: 'நோலீன் இன்று கொஞ்சம் சுரத்தில்லை.'

வெளியுலகத்தில் அன்று மே இருபத்தொன்று.

அடுத்த புதன் நோலீன் சீக்கிரமே வந்தார். நல்ல சட்டை, உதட்டுச் சாயம், மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் நீக்கல் கடிதம், பதினொரு வருடச் சம்பளச் சீட்டுகள், நடுங்கும் கையெழுத்தில் அந்தக் கிழவர் எழுதிய ஒரு அட்டை.

"எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன் டெக்லன்."

"எதை?"

கடிதத்தின் தலைப்பில் அவர் பெயர் இருந்தது. டால்பி இல்லை. நான் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு விரல் விட்டு எண்ணினேன். சட்டம் படிக்கும் நான்காம் வருட மாணவன் விரல் விட்டு எண்ணுவதை அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கெடு ஐந்து நாளுக்கு முன்பே முடிந்திருந்தது.

"நிஜம்னு ஏன் நோலீன் சொல்லலை?" ஃபிளிக்கின் குரல் கிரீச்சிட்டது.

"எது வேணா சொல்லுன்னீங்க. எனக்கு மனசுல வேற எதுவும் இல்லை." உறையின் ஓரத்தைத் தடவினார். "அதுவும் நெசம்னு சொல்லியிருந்தா என்னை வேற யாருக்காவது தள்ளி விட்டிருப்பீங்க. நீங்கதான் நல்லா கேப்பீங்க."

"ஆனா பலகை... அது போட்டிக்கு..."

"பலகை வெளையாட்டுக்குன்னு எனக்குத் தெரியாதா? ஆனா ரெண்டு பேருமா பதினெட்டுன்னு அடிச்சுச் சொன்னீங்க. சட்டத்துல நாளை வேற மாதிரி எண்ணுவாங்க போலன்னு நெனச்சேன்."

ஹேமிஷ் வந்து, நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். நோலீனுக்கு டீ வரவழைத்துவிட்டு எங்கள் இருவரையும் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார்.

"இன்னைக்கே மனுவைப் போடச் சொல்லுங்க. ஏன் தாமதம்னு படிவத்துல ஒரு கட்டம் இருக்கும். யாரோ தப்பா வழி காட்டினாங்கன்னு அதுல நிரூபிச்சா ஒருவேளை ஏத்துக்குவாங்க."

"அப்போ எங்க பேரை எழுதிடலாம்ல?" என்றேன்.

"எழுதலாம். தாராளமா எழுதலாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உரிமம் இல்லாம ஆலோசனை சொல்லி ஒருத்தர் வழக்கைக் கெடுத்தீங்கன்னு பதிவாகும். நாளைக்கு வக்கீலாப் பதிவு பண்ணப் போறப்போ நீங்களே அதை வெளிய எடுத்து வைக்கணும். நான் வேணாம்னு சொல்லலை. முடிவு உங்களுது."

"அவங்க நடிக்க வந்தாங்க, நாம நடிச்சோம்," என்றாள் ஃபிளிக். "இதுல ஆலோசனை எங்க இருந்து வந்துச்சு? சொல்லு டெக்லன்."

 உள்ளே போய் நோலீன் சொல்லச் சொல்லப் படிவத்தைத் தட்டச்சு செய்தேன். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'நாள் கணக்கில் தவறு' என்று அடித்தேன். யாருடைய கணக்கு என்று படிவம் கேட்கவில்லை. நோலீன் அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை ஜூன் பத்தாம் தேதி, தொலைபேசியில். வீட்டில் பேரப்பிள்ளைகள் சத்தம் என்பதால் நோலீன் எங்கள் பயிற்சி அறையையே கேட்டார். பக்கத்தில் உட்கார என்னையும் கேட்டார். ஃபிளிக்குக்கு அன்று தொண்டை சரியில்லை. அந்தத் தொண்டையோடு மாலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்தாள்.

ஆணையத்தின் பெண்மணி கனிவாகப் பேசினார். டோஸ்ட் கதையைக் கேட்டு, "ம்," என்றார். அந்த 'ம்' நன்றாக இருந்தது. கெடுவுக்குள் வந்திருந்தால் ஜெயித்திருக்கக்கூடிய 'ம்.'

"சரி, மனு ஏன் அஞ்சு நாள் லேட்டா வந்துச்சு?"

"நாளை எண்ணினதுல தப்பு ஆயிடுச்சும்மா."

"நீங்களா எண்ணினீங்களா? யார்கிட்டயாவது ஆலோசனை கேட்டீங்களா?"

நோலீன் என் பக்கம் திரும்பினார். அவரிடம் அந்த ரகசியம் இருந்தது; சரியான கேள்வியும் வந்துவிட்டது. நல்ல கட்சிக்காரர் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் என் முகத்தில் அனுமதியைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு தலையசைப்பு போதும். அதுகூட வேண்டாம், நானே தொலைபேசிப் பக்கம் குனிந்து என் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

ஐந்து விநாடி போனது. பிறகு ஆறு, ஏழு. நான் பயிற்சி பெற்றவன். பதினொன்று வரை தாங்கினேன்.

"வக்கீல் யாரையும் பாக்கலைம்மா," என்றார் நோலீன். அது உண்மை.

மனு தள்ளுபடி என்று நான்கு நாளில் கடிதம் வந்தது. நோலீன் தொலைபேசியில் சொன்னார்: "பரவால்லை கண்ணு. பள்ளிக்கூடத்துல ரோடு கடக்க வைக்கற வேலை இருக்காம், பாக்கறேன்." அந்த வேலையும் கிடைக்கவில்லை என்பது பிறகு ஹேமிஷ் சொல்லித் தெரிந்தது.

பிரிஸ்பேனுக்கு முந்தைய கடைசிப் பயிற்சிக்கு நோலீன் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். கையில் தாள், திருமதி கானரி, வேலித் தகராறு. பலகையில் இன்னும் மே ஐந்து. தண்ணீரை இடது பக்கம் வைத்தேன், டிஷ்யூ பெட்டியைச் சரியான தூரத்தில் வைத்தேன்.

"இங்கே பேசுவது எதுவும் இந்த அறையை விட்டு வெளியே போகாது," என்றேன்.

"தெரியும் கண்ணு," என்றார் நோலீன்.

பன்னிரண்டாவது நிமிடம் சரியாக அழுதார். ஃபிளிக் ஒன்பது போட்டாள்.